ஸ்கேல் அண்ணனின் இரண்டு மில்லி

முழங்கால் முழங்காலை இடிக்கும் அளவுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டு, வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டுதான் ஸ்கேல் அண்ணன் அளவெடுக்க உட்காருவார். எதிரே இருப்பவர் உயரமானவர் என்றால் தன் ஸ்டூலைத் திருகி உயர்த்துவார். குள்ளமானவர் என்றால் முதுகை வளைத்துத் தானே இறங்குவார். இரண்டு பேருடைய கண்களும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை வாய் திறக்கமாட்டார். வந்ததும், "மூச்சு விடலாங்க, இது எக்ஸ்ரே இல்ல" என்பார். பாதிப் பேர் அப்போதுதான் மூச்சு விடுவார்கள்.

அதற்குப் பிறகு பத்து நொடி வேலை. பதினைந்து சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேலை எதிரே இருப்பவரின் மூக்குத் தண்டின் மேல் படுக்க வைப்பார். ஸ்கேல் ஆடாமல் இருக்க இடது கைச் சுண்டுவிரலை அவர் நெற்றிப்பொட்டின் ஓரத்தில் ஊன்றிக்கொள்வார். தன் வலது கண்ணை மூடிக்கொண்டு, "என் தொறந்த கண்ணைப் பாருங்க" என்பார். ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு கண்மணிக்கு நேராக நிறுத்துவார். பிறகு வலதைத் திறந்து இடதை மூடி, "இப்ப தொறந்த கண்ணைப் பாருங்க" என்பார். இன்னொரு கண்மணி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே இத்தனை மில்லிமீட்டர்.

ஏன் இப்படி மாற்றி மாற்றி மூடுகிறீர்கள் என்று சிலர் கேட்பார்கள். "ரெண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பாத்தா மூக்குப் பக்கம் திரும்பிக்கும். அளவு சுருங்கிடும். உங்க ஒவ்வொரு கண்ணும் தனக்கு நேரா இருக்கற என் கண்ணைப் பாத்தாதான் நிஜ அளவு" என்பார். டாக்டர் எழுதித் தருவது பவர் மட்டும்தான். அந்தப் பவரின் நடு, கண்ணாடியில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதை இவர்தான் சொல்ல வேண்டும். "டாக்டர் சாப்பாடு குடுக்கறார். வாய் எங்க இருக்குன்னு நான் காட்டறேன். மூக்குல ஊட்டினா யாருக்குப் பிடிக்கும்?"

அதே கடையில் பழுது மேஜை என்னுடையது. கழன்ற திருகாணியைப் பூட்டுவேன், மூக்குத்தாங்கி மாற்றுவேன், காதுப்பக்கம் வளைந்த கம்பியைச் சூடு காட்டி நிமிர்த்துவேன். என் மேஜை அவருக்கு வலப்பக்கம். ஒன்பது வருஷமாக அவருடைய வலது காதையும் வலது கன்னத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கன்னத்தில் கிராம்பு எந்தப் பல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும்.

ஆட்களை அவர் பெயரால் நினைவு வைத்துக்கொள்வதில்லை. எல்லோரும் எண்கள்தான். "அந்த அறுபத்தேழு வந்துச்சா? கண்ணாடி ரெடியாகி நாலு நாளாச்சு" என்பார். தெருமுனை மருந்துக்கடைக்காரர் இறந்துபோன செய்தி வந்தபோது கையிலிருந்த ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டு, "பாவம், எழுபத்தொண்ணு. அந்த அகலத்துல இன்னொரு முகம் இந்தத் தெருவுல இல்ல" என்றார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தார். மனைவி அவருக்கு ஐம்பத்தெட்டு. "முதல் தடவை பேசும்போதே கண்ணால அளந்துட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் ஸ்கேல் வச்சுப் பாத்தா அரை மில்லிதான் வித்தியாசம். இன்னும் அதைச் சொல்லித் திட்டுவா" என்பார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்பத்தெட்டுக்கு இன்னிக்கு என் மேல கோபம்" என்பார். டப்பாவில் என்ன இருந்ததோ, எப்படிக் கண்டுபிடித்தாரோ. முதலாளியம்மாவை மட்டும் எண் சொல்லிக் கூப்பிடமாட்டார். மேடம்தான். நான் அறுபத்தொன்று. நல்ல மனநிலையில் இருந்தால் தங்கச்சி.

போன வருஷக் கடைசியில் ஒரு காலை பல் விளக்கும்போது கொப்பளித்த தண்ணீர் அவருடைய வாயின் இடப்பக்கமாகத் தானே வழிந்திருக்கிறது. முகத்தின் ஒரு பாதி நரம்பு வேலை செய்யவில்லை என்றார்கள். இரண்டு மாதம் கடைக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது வாய் ஏறக்குறைய நேராகியிருந்தது. ஆனால் எங்கள் கடையில் சுவரெல்லாம் கண்ணாடி, மேஜையெல்லாம் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் வாய் அவருக்குத் தெரியும். ஆள் இல்லாத நேரத்தில் எதிரே நின்று "ஈ" என்பார், "ஊ" என்பார். பிறகு என்னிடம், "நேரா இருக்கா?" என்பார்.

"நேராத்தான் இருக்கு அண்ணே."

"மரியாதைக்குச் சொல்றியா?"

"இல்லண்ணே, நேராவே இருக்கு."

பொய் இல்லை. வாய் நேராகத்தான் இருந்தது. எல்லோரும் வாயைத்தான் பார்த்தோம்.

வேலைக்குத் திரும்பிய ஐந்தாவது வாரத்தில் முதல் கண்ணாடி திரும்பி வந்தது. ஒரு பஸ் டிரைவர். "போட்டா கண்ணை உள்ள இழுக்குது" என்றார். அடுத்த வாரம் ஒரு கல்லூரி மாணவி, அவளும் உள்ளே இழுக்கிறது என்றாள். அதற்கடுத்து ஒரு பெரியவர் வந்து, படி இறங்கும்போது படி ஒரு இடத்தில் இருக்கிறது, கால் ஒரு இடத்தில் போகிறது என்றார். ஸ்கேல் அண்ணன் மூவரையும் திரும்ப உட்கார வைத்து அளந்தார். முன்னால் எழுதிய அதே எண்தான் வந்தது. "சரியாத்தானே இருக்கு" என்றார் தனக்குத்தானே. சரியாக இருப்பதுதான் அவருக்குப் பெரிய குழப்பமாகிவிட்டது. தப்பாக இருந்திருந்தால் திருத்தியிருப்பார்.

பழியைப் போட இடம் தேடினார். முதலில் நாற்காலி. அதன் ஒரு கால் குட்டை என்று சொல்லி அட்டையை மடித்து அடியில் வைத்தார். மறுநாள் வேறொரு கால் குட்டை என்றார். பிறகு விளக்கு. பிறகு ஸ்கேல். "கோடெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. இப்ப அச்சடிக்கறவன் எவனும் ஒழுங்கா அடிக்கறதில்ல" என்று புது ஸ்கேல் வாங்கினார். அதிலும் கோடு இரண்டாகத் தெரிந்தது. இன்னொன்று வாங்கினார். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றும் இம்மி பிசகாமல் பொருந்தின. அவருக்கு அதில் சந்தோஷம் வந்ததா எரிச்சல் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இடையிடையே லென்ஸ் துடைக்கும் துணியால் இடது கண்ணோரத்து நீரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கேட்டால், "ஏசி காத்து" என்றார்.

கடைசியில் பின்கட்டுக்குப் போனார். அங்கேதான் லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்ப வெட்டுகிறவர் இருக்கிறார். ஸ்கேல் அண்ணனை விடப் பத்து வயது இளையவர். பேச்சில் மட்டும் யாருக்கும் இளையவர் இல்லை.

"உன் மிஷின்ல ரெண்டு மில்லி நகந்திருக்கும்டா. பாரு."

"பாத்துட்டேன் அண்ணே. நீங்க எழுதற நம்பருக்கு அப்படியே வெட்டுது. மிஷினுக்கு உங்க மேல கோபம் ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எப்படி திரும்பி வருது?"

"அது தெரியல. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? வர்றதெல்லாம் குண்டு கண்ணாடிக்காரங்க. மெல்லிசு பவர் ஒருத்தர்கூட வரல."

"மெல்லிசுக்கு ரெண்டு மில்லி தப்பினாலும் கண்ணு பொறுத்துக்கும். குண்டுக்கு அரை நாள்ல தெரிஞ்சிடும்."

"அப்ப மெல்லிசுக்காரங்களுக்கும் தப்பித்தான் இருக்கும். தெரியாம போட்டுக்கிட்டுத் திரியறாங்க."

வெட்டுகிறவர் அதைக் கிண்டலாகத்தான் சொன்னார். ஸ்கேல் அண்ணன் சிரிக்கவில்லை. முன்கட்டுக்கு வந்து கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைப் பார்த்தபடி நின்றார். தெருவில் கண்ணாடி போட்டவர்கள் போனார்கள், வந்தார்கள். அவர்களில் பலர் எங்கள் கடையில் கண்ணாடி போட்டவர்கள். ஒருவர் அவரைப் பார்த்துக் கையாட்டினார். இவர் கையாட்ட மறந்து நின்றார்.

அன்று முதல் என்னை வைத்துச் சோதிக்க ஆரம்பித்தார். காலையில் கடை திறந்ததும், "அறுபத்தொண்ணு, வா" என்பார். நான் போய் உட்காருவேன். எனக்கு யாருடைய கண்ணையும் நேருக்கு நேர் பார்த்துப் பழக்கமில்லை. அவர் எத்தனை வருஷப் பழக்கமானாலும் இத்தனை பக்கத்தில் முடியாது. அதனால் திறந்த கண்ணைப் பார் என்று அவர் சொல்லும்போதெல்லாம் அந்தக் கண்ணுக்கு மேலே இருக்கும் புருவத்தைப் பார்ப்பேன். முதலில் இந்தப் புருவம், பிறகு அந்தப் புருவம். முறை எனக்கு மனப்பாடம். அவர் குனிந்து கோட்டைப் படிப்பார். அறுபத்தொன்று. மாலையில் மறுபடியும் அறுபத்தொன்று. ஒன்பது நாளும் அதேதான்.

"பாத்தியா? கை சரி, ஸ்கேல் சரி, நாற்காலி சரி. அப்ப வர்ற ஜனத்துக்குத்தான் என்னமோ ஆயிருக்கு" என்றார். சொல்லிவிட்டு அதை அவரே நம்பாதவர் போல ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானும் குழம்பிப்போனேன். என்னிடம் சரியாக வருவது மற்றவர்களிடம் ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். படித்தவர்களுக்குப் புரியுமோ என்னவோ.

அப்போதுதான் தபால் அம்மா வந்தார். தபால் நிலையத்தில் கடிதங்களைப் பிரித்து அடுக்குகிறவர். பவர் மைனஸ் எட்டு. கண்ணாடி இல்லாவிட்டால் தன் கையே தனக்குப் புகை மாதிரித் தெரியும் என்பார். பழைய கண்ணாடி பஸ்ஸில் நசுங்கிப்போனதால் புதிது போட வந்தார். ஸ்கேல் அண்ணன் அளந்தது அறுபத்திரண்டு. ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். மறுபடி அளந்தார். அறுபத்திரண்டு. புது லென்ஸ் போட்டுக் கொடுத்தார். நான்கே நாளில் மறுபடியும் வந்து நின்றார். இந்த முறை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைத் தடவியபடி உள்ளே வந்தார்.

"சண்டை போட வரலைங்க. ஆனா எனக்கு வேலை போயிடும் போல இருக்கு. வரிசையா லெட்டரைத் தப்பான அறையில போடறேன். சாயங்காலம் ஆனா தலை ரெண்டா பொளக்குது. நேத்து மேலதிகாரி, 'வீட்ல ஏதாவது பிரச்சினையா'ன்னு கேட்கறார்" என்றார்.

முதலாளியம்மா அந்தக் கண்ணாடியை வாங்கி லென்ஸ் சோதிக்கும் கருவியில் வைத்தார். இரண்டு லென்ஸின் நடுவுக்கும் இடையே சரியாக அறுபத்திரண்டு. பவரும் சரி. வெட்டினவர்மேல் தப்பில்லை. கருவியின் விளக்கை அணைத்துவிட்டு ஸ்கேல் அண்ணனைப் பார்த்தார். முதலாளியம்மா கோபக்காரர் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு தடவை நீங்களே எடுங்க. இதுவும் திரும்பி வந்தா அதுக்கப்புறம் அளவு நான் எடுத்துக்கறேன். நீங்க ஃபிரேம் காட்டுங்க."

"ஃபிரேம் காட்டறதா?"

"அதுவும் வேலைதானே அண்ணே. உட்கார்ந்தே செய்யலாம்."

"உட்கார்றதுக்குச் சொல்லல மேடம்." மேஜையிலிருந்த ஸ்கேலைக் கையில் எடுத்தார். "அளவு இல்லன்னா இந்த ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது" என்றார்.

முதலாளியம்மாவுக்கு அது புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. தபால் அம்மா சோபாவில் உட்கார்ந்து, எந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் பொதுவாக எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தார்.

"மொதல்ல மேடம் கண்ணு முன்னாடியே ஸ்கேல் சரின்னு நிரூபிக்கறேன். அறுபத்தொண்ணு, வா" என்றார் ஸ்கேல் அண்ணன்.

போய் உட்கார்ந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துக்கொண்டார். கோட்டைத் தானும் படிக்க வேண்டும் என்று முதலாளியம்மா அவர் முதுகுக்குப் பின்னால் வந்து குனிந்தார். அவர் முகம் ஸ்கேல் அண்ணனின் நெற்றிக்குச் சற்று மேலே வந்து நின்றது. இரண்டு பெரிய கண்கள் என்னையே பார்த்தன. புருவத்தைப் பார்த்தால் அந்தக் கண்களும் சேர்ந்து தெரியும். கூச்சம் தாங்காமல் பார்வையைக் கீழே இறக்கினேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவருடைய கண்களைப் பார்த்தேன்.

வலது கண்ணை மூடினார். இடது திறந்திருந்தது. "தொறந்த கண்ணைப் பாரு." பார்த்தேன். வெள்ளையில் சிவப்பு நரம்புகள் ஓடின.

பிறகு வலதைத் திறந்து இடதை மூடினார். இடது இமை இறங்கிப் பாதியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. இமைக்குக் கீழே கண்மணியின் பாதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வலது கண்ணோ கோட்டைப் படிப்பதற்காகச் சுருங்கியிருந்தது. அதுவும் பாதி, இதுவும் பாதி. இரண்டும் ஒன்று போல இருந்தன.

"இப்ப தொறந்த கண்ணைப் பாரு தங்கச்சி."

எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"எந்தக் கண்ணு அண்ணே?"

கேட்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

"எந்தக் கண்ணுன்னா? தொறந்த கண்ணு."

"ரெண்டும் தொறந்திருக்கு."

"இடதை மூடியிருக்கேனே."

"மூடல அண்ணே. பாதிதான் வந்திருக்கு."

ஸ்கேல் என் மூக்கின் மேலேயே இருந்தது. அவர் அசையவில்லை. இடதை இன்னும் இறுக்கி மூடப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கன்னம் இழுத்தது, உதடு இழுத்தது, இமை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

சோபாவிலிருந்து தபால் அம்மா பேசினார். "அதாங்க எனக்கும். ரெண்டாவது தடவை சொல்லும்போது எதைப் பாக்கறதுன்னே தெரியாது. கேட்டா உங்க மனசு கஷ்டப்படுமோன்னு, மொதல்ல பாத்த கண்ணையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும். உங்களுக்கு அதுதான் வழக்கமோன்னு நெனச்சேன்."

முதலாளியம்மா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒன்பது நாள் இதே நாற்காலியில் உட்கார்ந்து புருவத்தைப் பார்த்து அவருக்கு அறுபத்தொன்று, அறுபத்தொன்று என்று சரியான அளவைக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அதனால்தான் அவர் தன்னைத் தவிர எல்லோரையும் சந்தேகப்பட்டார். அதை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லவும் இல்லை.

ஸ்கேல் அண்ணன் எழுந்து மேஜைக் கண்ணாடிக்கு முன்னால் போனார். வாயைப் பார்க்கவில்லை. இடது கண்ணை மூடி வலது கண்ணால் பார்த்தார். திறந்தார். மறுபடி மூடிப் பார்த்தார். "ராத்திரி தூங்கும்போது இந்த இமையை மூடி பிளாஸ்டர் ஒட்டச் சொன்னார் டாக்டர். ஒரு மாசம் ஒட்டினேன். அப்புறம் சரியாயிடுச்சுன்னு நானே விட்டுட்டேன்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

பிறகு தபால் அம்மாவை நாற்காலிக்குக் கூட்டிவந்தார். கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஸ்டூலை இழுத்தார். மட்டம் பார்த்தார். மூச்சு விடலாம் என்று சொல்ல மறந்துவிட்டார். முதல் கண்ணுக்கு எப்போதும்போலப் பூஜ்யத்தை நிறுத்தினார். அடுத்த கண்ணுக்கு வந்ததும், நெற்றிப்பொட்டில் ஊன்றியிருந்த இடது கையை எடுத்து அதன் நடுவிரலால் தன் இடது இமையைக் கீழே இழுத்து மூடிப் பிடித்துக்கொண்டார். ஒரு கையில் தனியாக நின்ற ஸ்கேல் ஆடியது. தபால் அம்மா யாரும் சொல்லாமலேயே தன் விரலை உயர்த்தி அதன் நுனியைத் தாங்கினார்.

"இப்ப எத்தனை கண்ணு தொறந்திருக்கு?"

"ஒண்ணே ஒண்ணு."

"அதைப் பாருங்க."

குனிந்து படித்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து படித்தார்.

"கோடு ஒண்ணாத்தான் தெரியுது" என்றார் மெதுவாக. பிறகு, "அறுபத்தி நாலு. நீங்க அறுபத்தி நாலும்மா" என்றார்.

முதலாளியம்மா ஆர்டர் புத்தகத்தை நீட்டி, "எழுதிக்கங்க அண்ணே" என்றார். அந்தக் குரலில் ஃபிரேம் காட்டும் பேச்சு இல்லை. அவர் வலது கையால் பென்சிலை எடுத்து எழுதினார். இடது கை விரல் இன்னும் இமையின் மேல் இருந்தது.

"கையை எடுங்க அண்ணே, அளவு முடிஞ்சிடுச்சு."

அவர் எடுக்கவில்லை. புத்தகத்தை மேஜையில் வைத்து, தான் விடுமுறை முடிந்து வந்த நாள் வரைக்கும் ஒரே கையால் பக்கங்களைப் பின்னால் புரட்டினார். அந்தப் பக்கத்தின் முதல் வரியில் இருந்த எண்ணைப் பென்சிலால் அடித்தார். அடுத்த வரிக்கு வந்தார், அதையும் அடித்தார்.